பெட்டியா, குப்பையா, கேள்விக்குறியா? கணினியில் தமிழ் தகராறு செய்தால் பார்க்க வேண்டியவை

"கணினியில் தமிழ் சரியாக வரவில்லை" என்று யாராவது அழைத்தால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "தமிழுக்குப் பதிலாக என்ன வருகிறது?" என்பதுதான். பெரும்பாலும் அந்த ஒரு பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும். வெற்றுப் பெட்டிகள் வந்தால் எழுத்து பத்திரமாக இருக்கிறது, காட்டுவதற்கு எழுத்துரு இல்லை. புரியாத ஆங்கிலக் குப்பை வந்தாலும் எழுத்து பத்திரம்தான், கணினி அதைத் தவறாக வாசிக்கிறது. வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். பெரும்பாலும் எழுத்தே போய்விட்டது என்று பொருள்.

எது வந்தாலும் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அந்தக் கோப்பைச் சேமிக்காதீர்கள். திறந்து பார்த்ததால் எந்தக் கோப்பும் கெட்டதில்லை. 'இதையும் ஒரு தடவை சேவ் செய்து பார்ப்போமே' என்று விரல் போனதால் கெட்டவை ஏராளம். முதலில் கோப்பை நகலெடுங்கள். சோதனை எல்லாம் நகலில்தான்.

வெற்றுப் பெட்டிகள் வருகின்றன

இருப்பதிலேயே எளிதான கோளாறு இது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே லதா என்ற தமிழ் எழுத்துரு விண்டோஸுடன் வருகிறது. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ இயல்பாகவே உள்ளே இருக்கிறது. ஆகவே இன்றைய கணினியில் யூனிகோட் தமிழ், அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் உலகப் பொதுமுறையில் எழுதிய தமிழ், பெட்டியாகத் தெரிவது அரிது. ஆனால் விண்டோஸ் 10 வந்தபோது லதாவையும் விஜயாவையும் விருப்பத் தேர்வாக ஒதுக்கி வைத்துவிட்டார்கள். பழைய ஆவணத்தைத் திறக்கும்போது வரிகள் இடம் மாறி, பக்க எண்ணிக்கை கூடினால் காரணம் இதுவாக இருக்கலாம். செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதிக்குப் போய் 'டமில் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்பதைச் சேருங்கள். பக்கங்கள் பழையபடி அடங்கும்.

நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற நல்ல யூனிகோட் எழுத்துரு நிறுவிய பிறகும் பெட்டி பெட்டியாகவே நின்றால், அந்தக் கோப்பு டேஸ்16 என்ற குறியேற்றத்தில், அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் வேறொரு முறையில், இருக்கலாம். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட முறை அது. யூனிகோடில் யாரும் தம் விருப்பத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விட்டிருக்கும் தனிப் பகுதியில் அதன் எழுத்துகள் குடியிருக்கின்றன. அதனால் அதற்கென்றே செய்த எழுத்துரு இல்லாமல் அவை தெரியா. எழுத்துருவை நிறுவிப் படிக்கலாம். ஆனால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வதே நல்லது. இல்லாவிட்டால் அடுத்து யாருக்கு அனுப்பினாலும் அவரும் உங்களை அழைப்பார்.

ஆங்கிலக் குப்பை வருகிறது

குப்பையில் மூன்று ரகம் உண்டு. ரகம் தெரிந்தால் மருந்தும் தெரியும்.

முதல் ரகத்தில் சாதாரண ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் அர்த்தமில்லாமல் கலந்து கிடக்கும். ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்று கண்ணில் பட்டால் சந்தேகமே வேண்டாம், அது பாமினி. பாமினி எழுத்துருவில் அந்த ஐந்து குறிகளும் சேர்ந்தால் 'தமிழ்' என்ற சொல். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோர் நாடுகளிலும் பல ஆண்டுகள் அச்சு வேலைகள் பாமினியில்தான் ஓடின.

இரண்டாவது ரகத்தில் பின்னக்குறிகள், நாணயக்குறிகள், தலைக்கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் ஆகியவை வரும். முக்கால் என்னும் பின்னம், தலைக்கோட்டோடு ஓர் ஏ, சென்ட் நாணயக்குறி, தலைக்கோட்டோடு ஒரு யூ என்று வந்தால் அது திஸ்கி என்ற பழைய குறியேற்றத்தில் எழுதிய 'தமிழ்'. இணையத்தின் ஆரம்ப காலத்தில் மடற்குழுக்களில் எழுதியவர்களின் வட்டுகளில் இது நிறைய இருக்கும். 1999இல் தமிழ்நாடு அரசு அறிவித்த டேம், டேப் குறியேற்றங்களில் எழுதியவையும் இதே சாயலில்தான் தெரியும்.

இந்த இரண்டு ரகத்துக்கும் மாற்றிகள் உண்டு. என்எச்எம் கன்வெர்ட்டர் இதற்காகவே வந்தது. எந்தக் குறியேற்றம் என்று தெரியாவிட்டால் மொத்தக் கோப்பையும் கொடுக்காமல் ஒரே ஒரு வரியை எடுத்து ஒவ்வொரு முறையாகப் போட்டுப் பாருங்கள். எது தமிழாக வருகிறதோ அதுதான். மாற்றியபின் படித்துப் பார்க்காமல் பழைய கோப்பை அழித்துவிடாதீர்கள். மாற்றிக்கு ஆங்கிலம் எது, பாமினி எது என்று தெரியாது. உள்ளே இருக்கும் மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலப் பெயர், மருந்தின் பெயர் எல்லாவற்றையும் விசுவாசமாகத் தமிழாக்கி வைத்துவிடும். ஒரு நண்பரின் தாத்தா எழுதிய தன்வரலாற்றை மாற்றிக் கொடுத்தபோது, அவர் படித்த கல்லூரியின் ஆங்கிலப் பெயர் யாராலும் வாசிக்க முடியாத ஒரு தமிழ்ச் சொல்லாகி, அச்சுப் படி வரைக்கும் போய்விட்டது. பிழை திருத்தியவன் நான்தான்.

மூன்றாவது ரகம்தான் இப்போது அதிகம் வருகிறது. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, அதை ஒட்டி வணிகக்குறிக்குப் போடுவோமே, அந்த வட்டத்துக்குள் ஆர். இந்த இணை திரும்பத் திரும்ப வரும். சில இடங்களில் ஆருக்குப் பதில் ஒரு மேல்கோடு இருக்கும். இது யூனிகோட் தமிழேதான். யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், அதாவது கணினிச் சேமிப்பின் மூன்று சிறு அலகுகள். அந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றே, இரண்டாவது பைட் இரண்டில் ஒன்று. மென்பொருள் அதை மேற்கு ஐரோப்பிய எழுத்தாக நினைத்துப் பைட் பைட்டாக வாசிக்கும்போது இந்தக் கோலம் வருகிறது.

எக்செலில் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியிட்டுப் பிரித்த அட்டவணையை) இருமுறை சொடுக்கித் திறப்பவர்கள் தினமும் இதில் விழுகிறார்கள். வெற்றுத் தாள் ஒன்றைத் திறந்து, 'டேட்டா' பட்டியலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகக் கோப்பைக் கொண்டுவாருங்கள். 'ஃபைல் ஆரிஜின்' என்று கேட்கும் இடத்தில் 65001 என்ற எண்ணுள்ள யூனிகோட் யுடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுங்கள். தமிழ் வந்துவிடும். நீங்களே கோப்பைச் சேமித்து அனுப்புபவராக இருந்தால், வெறும் சிஎஸ்வியை விட்டுவிட்டு 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று தனியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

குப்பையை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டி, அங்கே சரிசெய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேற்கு ஐரோப்பிய எழுத்துப் பட்டியலில் ஐந்து இடங்கள் காலி. நம் புள்ளி, உகரக் குறி, ஏ, ஐ ஆகியவற்றின் மூன்றாவது பைட் சரியாக அந்தக் காலி இடங்களில் போய் விழுகிறது. கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகளாக நிற்கும் இவற்றை, ஒட்டும்போது சில மென்பொருள்கள் உதறிவிடும். பிறகு எவ்வளவு மாற்றினாலும் புள்ளி இல்லாத தமிழ்தான் மிஞ்சும். ஓலைச்சுவடி படிக்கப் பழகியவர்களுக்கு வேண்டுமானால் அது சிரமமாக இருக்காது.

கேள்விக்குறிகள் வருகின்றன

முதலில் கேள்விக்குறியின் வடிவத்தைப் பாருங்கள். கறுப்பு வைரத்துக்குள் வெள்ளைக் கேள்விக்குறி என்றால் மூச்சு விடலாம். வாசிக்கத் தெரியாத பைட்டுகள் வந்திருக்கின்றன என்று மென்பொருள் சொல்கிறது, அவ்வளவுதான். மூலக் கோப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வேறு குறியேற்றத்தில் திறந்து பாருங்கள்.

சாதாரணக் கேள்விக்குறிகளாக இருந்தால் எண்ணிப் பாருங்கள். 'தமிழ்' என்ற சொல் இருந்த இடத்தில் ஐந்து கேள்விக்குறிகள் இருக்கும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. தமிழுக்கு இடமே இல்லாத பழைய குறியேற்றத்தில் யாரோ சேமித்திருக்கிறார்கள். ஒவ்வொரு குறியையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை எழுதியாயிற்று. எந்த மாற்றியாலும் அதை மீட்க முடியாது. மீட்டுத் தருவதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய மாணவர் பட்டியல் ஒன்று இப்படிப் போனது. பெயரும் முகவரியும் அத்தனையும் கேள்விக்குறி. சேமிக்கும்போது எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வந்ததாகவும், வழக்கம்போல் சரி என்று அழுத்தியதாகவும் பொறுப்பாளர் சொன்னார். கடைசியில் பட்டியலைக் காப்பாற்றியது அவர் மூன்று வாரங்களுக்கு முன் தம்பிக்கு அனுப்பியிருந்த ஒரு மின்னஞ்சல் இணைப்பு. தேட வேண்டிய இடங்கள் இவைதான்: அனுப்பிய அஞ்சல்கள், வாட்ஸ்அப்பில் போன கோப்புகள், மேகக் கிடங்கில் உள்ள முந்தைய பதிப்புகள்.

நோட்பேட் 2019ஆம் ஆண்டின் விண்டோஸ் 10 மே மாதப் பதிப்பிலிருந்து இயல்பாகவே யுடிஎஃப்-8இல் சேமிக்கிறது. அதற்கு முந்தைய கணினி வைத்திருந்தால் 'சேவ் ஏஸ்' பெட்டியின் கீழே உள்ள 'என்கோடிங்' இடத்தில் ஆன்சி (தமிழுக்கு இடமில்லாத பழைய குறியேற்றம்) என்று இருப்பதை ஒவ்வொரு முறையும் யுடிஎஃப்-8 என்று மாற்ற வேண்டும்.

கடையில், அலுவலகத்தில் ஓடும் பழைய கணக்கு மென்பொருளில் தமிழ்ப் பெயரை உள்ளிட்டால் கேள்விக்குறி வருகிறது என்பது வேறு கதை. விண்டோஸில் தமிழுக்கென்று பழைய வகை எட்டு பிட் எழுத்துப் பட்டியல் எப்போதுமே இருந்ததில்லை. அதனால் 'யூனிகோட் அல்லாத மென்பொருள்களுக்கான மொழி' என்னும் இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்துப் பயனில்லை. அதே பெட்டியில் யுடிஎஃப்-8 பயன்படுத்தச் சொல்லும் ஒரு தேர்வு இருக்கிறது. பீட்டா என்று அதன் மீதே எழுதியிருக்கிறது. சில மென்பொருள்களுக்கு அது கைகொடுக்கும், சிலவற்றைத் திறக்கவே விடாது. கணக்கு முடிக்கும் நாளில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

எழுத்துருவை மாற்றினால் மாற மறுக்கிறது

அச்சகங்களில் அடிக்கடி கேட்கும் புகார். பட்டியலில் அழகான தமிழ் எழுத்துரு இருக்கிறது. தேர்ந்தெடுத்தால் ஆங்கிலம் மட்டும் குப்பைத் தமிழாக மாறுகிறது, தமிழ் அப்படியே நிற்கிறது. அந்த எழுத்துரு யூனிகோட் அல்ல. பாமினி போன்ற பழைய வகையில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். யூனிகோட் தமிழுக்கு அதில் இடமே கிடையாது. அதனால் வேர்ட் தானாக வேறு எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது. தீர்வு இரண்டுதான்: யூனிகோட் எழுத்துரு தேடுங்கள், அல்லது உரையைப் பழைய குறியேற்றத்துக்கு மாற்றுங்கள். அழைப்பிதழுக்கு இரண்டாவது வழி பரவாயில்லை. நாளை தேட வேண்டிய எதற்கும் அது வேண்டாம்.

கொம்பு வலப்பக்கம் போய் நிற்கிறது

'கொடி' என்று அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடுகிறது, அல்லது புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று முளைக்கிறது. ஃபோட்டோஷாப்பிலும் இன்டிசைனிலும் இது வாடிக்கை. விளம்பரப் பலகைகளில் இப்படியே அச்சாகித் தொங்குவதையும் பார்த்திருப்பீர்கள். யூனிகோட் தமிழில் முதலில் மெய்யெழுத்தையும் பிறகு உயிர்க்குறியையும் சேமிக்கிறோம். கொம்பை இடப்பக்கம் கொண்டுவருவது காட்டும் மென்பொருளின் பொறுப்பு. ஃபோட்டோஷாப் விருப்பங்களில் 'டைப்' பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான உரைப் பொறியைத் தேர்ந்தெடுங்கள். புதிய பதிப்புகளில் அதன் பெயர் 'வேர்ல்ட்-ரெடி'. இன்டிசைனில் பத்திப் பலகத்தின் பட்டியலில் 'அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்று இருக்கும். கொம்பு தன் இடத்துக்குத் திரும்பும்.

கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது. திரையில் எந்தத் தவறும் தெரியாது. 'கௌரி' என்று பட்டியலில் தெளிவாக எழுதியிருக்கும். தேடினால் 'இல்லை' என்று வரும்.

ஔகாரக் குறியின் வலப்பாதி ளகரம் போலவே இருப்பதால், நிறையப் பேர் எகரக் கொம்பு போட்டு, க எழுதி, ள எழுதி 'கெளரி' என்று அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வெவ்வேறு. ஔவையாருக்கும் இதே கதி. ஒகரமும் ளகரமும் சேர்த்து 'ஒளவையார்' என்று எழுதிய பக்கங்கள் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லின் முன்னால் சுட்டியை வைத்து வலது அம்பு விசையை அழுத்துங்கள். சரியான கௌ ஒரே தாவலில் கடந்துபோகும். தவறானது என்றால் நடுவில் ஒரு முறை நிற்கும்.

திருத்தும்போது மொத்தமாக 'கெள' என்பதை எல்லாம் மாற்று என்று கட்டளையிடாதீர்கள். கெளுத்தி மீன் கெட்டுப்போகும். 'தெள' என்பதை மாற்றினால் தெளிவு குழம்பும், 'வெள' என்பதை மாற்றினால் வெள்ளமும் வெளிச்சமும் போய்விடும். கௌரவம், சௌகரியம், பௌர்ணமி, மௌனம், வௌவால் என்று முழுச்சொல்லாக எடுத்து ஒவ்வொன்றாக மாற்றுவதே வழி.

இதே குடும்பத்தில் இன்னும் சில ஏமாற்றுக்காரர்கள் உண்டு. துணைக்காலும் ரகரமும் பல எழுத்துருக்களில் அச்சு அசலாக ஒன்றே. ககரமும் தமிழ் எண் ஒன்றும், உகரமும் தமிழ் எண் இரண்டும், எகரமும் தமிழ் எண் ஏழும் அப்படியே. 'ஸ்ரீ' இன்னும் மோசம். ஸகரத்தை வைத்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே வடிவம். பெயர்ப் பட்டியலில் ஸ்ரீதரைத் தேடினால் பாதிப் பேர்தான் வருவார்கள். இரண்டு வடிவத்திலும் தேடுங்கள்.

பிடிஎஃப்பிலிருந்து எடுத்து ஒட்டினால் சிதைகிறது

பிடிஎஃப் கோப்பு எழுத்தின் படத்தைத்தான் பத்திரமாக வைத்திருக்கும். எந்த வடிவம் எந்த எழுத்து என்ற அட்டவணை உள்ளே இல்லாமலோ பிசகியோ இருக்கலாம். ஒட்டிய பிறகு கிடைப்பது பாமினியாக இருந்தால் மேலே சொன்ன மாற்றி போதும். மற்றபடி அதோடு மல்லுக்கட்டாமல், படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் எழுத்துணரிக்குப் போய்விடுங்கள். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் அதுவே எழுத்தைப் படித்துக் கொடுக்கும். இணையமில்லாமல் செய்ய டெசராக்ட் இருக்கிறது, தமிழ்த் தரவுக் கோப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். வரும் உரையில் துணைக்கால், ரகரக் குழப்பத்தைத் தேடிப் பாருங்கள். எழுத்துணரிகள் தடுக்கி விழும் இடம் அதுதான்.

விசை ஒன்று, விழும் எழுத்து வேறு

விண்டோஸில் தமிழைச் சேர்த்தவுடன் வெறும் 'தமிழ்' என்ற பெயரில் ஒரு விசைப்பலகை வரலாம். அது இன்ஸ்கிரிப்ட். தமிழ்99 பழகியவருக்கு அதில் ஒரு சொல்லும் தேறாது. மொழி அமைப்பில் தமிழின் விருப்பங்களைத் திறந்து, விசைப்பலகை சேர்க்கும் இடத்தில் தமிழ்99ஐயோ உங்களுக்குப் பழகியதையோ சேர்த்து, மற்றதை நீக்கிவிடுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் விசையோடு இடவெளிப் பட்டை. இகலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒன்றை ஏற்கெனவே வைத்திருந்தால் விண்டோஸ் விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே விடுங்கள். இரண்டும் ஒரே விசையைப் பிடித்து இழுத்தால் வருவது எந்த மொழியும் அல்ல. கடவுச்சொல் சரியாக இருந்தும் கணினி உள்ளே விடாவிட்டால், திரையின் வலது கீழ் மூலையில் எந்த மொழி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

'மமதை' என்று அடித்தால் 'ம்மதை' என்று வருவது கோளாறல்ல. தமிழ்99இல் ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவது தானாகப் புள்ளி பெறும். 'அம்மா'வை விரைவாக அடிக்கச் செய்த வசதி அது. முதல் மகரத்துக்குப் பின் அகர விசையை ஒருமுறை தட்டிவிட்டு அடுத்த மகரத்தை அடியுங்கள்.

கோப்பின் பெயர் நீளம் என்று மறுக்கிறது

லினக்ஸ் பயன்படுத்துவோர் தமிழ்க் கட்டுரைப் பக்கங்களைச் சேமிக்கும்போது இதைச் சந்திப்பார்கள். அங்கே வழக்கமாக ஒரு கோப்பின் பெயருக்கு எல்லை 255 பைட். ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் குறிக்கு மூன்று பைட் வீதம் 85 குறிகள்தான், அதிலும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாகக் கணக்கில் வரும். தலைப்பை முழுசாக வைக்க ஆசைப்படாமல் தேதியை முதலில் போட்டு, இரண்டு மூன்று சொற்களோடு நிறுத்துங்கள்.